குடில் மலைக்குள் நாற்பத்தொன்றாம் பக்கம்

“கலைமகள், நின்னுக்கிட்டா இருக்கே? ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காரு.”

தொலைபேசியில் டாக்டர் ரங்கசாமி, யூனிவர்சிட்டியில் அவளுடைய பேராசிரியர். அவர் இப்படி ஆரம்பித்தால் நல்ல சேதி இல்லை என்பது கலைமகளுக்கு ஐந்து வருடப் பழக்கத்தில் தெரியும். அவள் உட்காரவில்லை. செலண்டாரை அடுத்த அந்தக் கித்தாப்பால், அதாவது ரப்பர் பால், ஆலையின் பரிசோதனை அறையில் இருந்ததே ஒரு நாற்காலி. அதன் மேல் அமோனியா போத்தல்கள் உட்கார்ந்திருந்தன.

“சொல்லுங்க சார்.”

“வெளித் தேர்வாளர் உன் ஆய்வேட்டப் படிச்சு முடிச்சிட்டாரு. நூத்தி இருபது பக்கத்துல ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் இல்லைன்னா மத்தது எதுவும் செல்லாதுன்னு எழுதியிருக்காரு. இன்னிக்கு ராத்திரி இங்கிலாந்துக்குத் திரும்புறாரு. சாயந்திரம் அஞ்சரைக்கு யூனிவர்சிட்டிய விட்டுக் கிளம்பிடுவாரு. அஞ்சு மணிக்குள்ள உன் பேக்ஸ் என் கையில இருக்கணும்.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. 1996 ஜூன் மாதத்து வியாழக்கிழமை.

“வரலைன்னா?”

“ஏட்ட நிராகரிச்சிடுவாரு. யூனிவர்சிட்டி உனக்குக் குடுத்த கடைசிக் கெடுவும் இந்த மாசத்தோட சரி. அக்டோபர்ல அவரோட குழுவுல உனக்குச் சொல்லி வச்சிருந்த இடம்…”

அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம். இரண்டு முறை கிடைக்காமல் போய் மூன்றாவது முறை கிடைத்த இடம் அது. கலைமகளுக்கு வயது இருபத்தொன்பது. ஐந்து நாள் ஆலையில் பால் சோதிப்பாள். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறி யூனிவர்சிட்டிக்குப் போவாள். இரண்டு நாள் கம்ப்யூட்டரின் முன்னால் கிடந்துவிட்டு ஞாயிறு மாலை திரும்புவாள். ஐந்து வருடமாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

“கேள்வி என்ன சார்?”

“எழுதிக்கோ. ‘ஆறாயிரம் ஒளியாண்டு தூரத்தில் உங்கள் தாரை ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் ஓடுகிறது. இதில் எந்த வேகம் பொய்?’”

கலைமகளின் கையிலிருந்த பேனா நின்றது.

அவள் ஆராய்ந்தது ஒரு விண்மீன் மண்டலத்தை. அதன் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை. தன்னை நோக்கி வந்து விழும் வாயுவை எல்லாம் அது விழுங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகளாகப் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. ஒன்று ஏறக்குறைய நம் பக்கமாக வருகிறது, மற்றது நம்மை விட்டு விலகி ஓடுகிறது. புறப்படும்போது ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். அப்படிச் சீறிக் கிளம்பியது பல்லாயிரம் ஒளியாண்டுகள் தாண்டிய பிறகு வேகமெல்லாம் இழந்து, பரந்து, புகை மாதிரி மிதக்கிறது. எங்கே குறைந்தது? எதனால் குறைந்தது? அவ்வளவுதான் ஆய்வேடு.

வேகத்தை அளக்க அவள் இரண்டு வழி வைத்திருந்தாள். ஒன்று, கருந்துளையிலிருந்து ஆறாயிரம் ஒளியாண்டு தள்ளித் தாரைக்குள் ஓடும் வெளிச்சமான ஒரு முடிச்சு. பத்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு ரேடியோ படங்களில் அது நகர்ந்திருந்தது. கணக்குப் போட்டால் ஒளி வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு.

மற்றது, இரண்டு தாரைகளின் வெளிச்சத்தை ஒப்பிடுவது. அந்த வேகத்தில் நம்மை நோக்கி வருவது கூடுதல் வெளிச்சமாகத் தெரியும். விலகிப் போவது மங்கித் தெரியும். வேகம் கூடக்கூட வித்தியாசம் கூடும். ஆறாயிரம் ஒளியாண்டில் அவளுக்குக் கிடைத்த வித்தியாசம் எட்டு மடங்கு. எட்டு மடங்கு என்றால் பத்தில் ஆறு பங்கு வேகம்தான். பத்தில் ஒன்பது வேண்டுமானால் முப்பது மடங்கு இருந்தாக வேண்டும்.

ஒரே இடம். ஒரே தாரை. ஒன்பதும் ஆறும்.

“சார், அளவுப் பிழைன்னு ஒரு பாரா எழுதியிருந்தேனே…”

“அத அவரு சிவப்பு மசியில அடிச்சிட்டாரு. யோசி. அஞ்சு மணி.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வெளியே ஹாரன் அலறியது. பால் டேங்கர் லாரி. ஓட்டி வந்தவன் மிக்கேல்ராஜ். நாற்பதைத் தாண்டியவன். அந்த ஆலைக்குப் பதினைந்து வருடமாகப் பால் ஏற்றுபவன். கலைமகளைத் தங்கச்சி என்றும், அவளுடைய ஆராய்ச்சியைப் பீச்சாங்குழல் என்றும் சொல்பவன்.

“தங்கச்சி! பசியாறியாச்சா? மூஞ்சி என்னலா, புளிச்ச பால் மாதிரி இருக்கு?”

“அண்ணே, இன்னிக்கு என்கிட்ட விளையாடாதீங்க.”

“சரி, விளையாடல. கெட்டிப் பால் கொண்டாந்திருக்கேன், இறக்கிக்க. ரசீதக் குடுத்தீன்னா நான் போய்க்கிட்டே இருப்பேன். லாரிய மத்தியானம் செங் பட்டறையில விடணும், பிரேக் பாக்குறாங்க.”

பால் இறக்கும் தொட்டி நாற்பதடி நீளம். வெள்ளை ஓடு பதித்தது. காலையில் லூபோக் சீனா பக்கத்திலிருந்து வந்த பால் ஏற்கெனவே பாதித் தொட்டிக்கு நின்றது. அங்கே நேற்று மழை. தண்ணீர் கலந்த இளம் பால். மிக்கேல்ராஜ் குழாயைத் தொட்டியின் ஒரு முனையில் மாட்டி வால்வைத் திறந்தான். கெட்டிப் பால் இளம் பாலுக்குள் பாய்ந்தது. வெள்ளைக்குள் வெள்ளை, கண்ணுக்கு எதுவும் தெரியாது.

கலைமகள் கலக்கும் துடுப்பின் பித்தானை அழுத்தினாள். துடுப்பு இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. தலைக்கு மேல் மின்விசிறியும் நின்றது. ஆலை முழுக்கத் திடீரென்று ஊமையானது.

“அலாமாக்! கரண்ட் போச்சு,” என்றான் மிக்கேல்ராஜ். “கலக்கினது போதும். ஒரு அகப்பை எடுத்து சோதிச்சு எழுதிக் குடுத்துரு.”

“கலக்காம எடுக்க மாட்டேன்.”

பால் சோதிப்பவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தரும் பாடம் அது. நன்றாகக் கலக்கு, அப்புறம் எடு, ஒரே ஓர் எண்ணை எழுது. ஏழு வருடத்தில் அவள் ஒரு நாளும் மாற்றிச் செய்ததில்லை. ரசீதில் அந்த எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்தான்.

“கரண்ட் எப்ப வருமோ! சும்மா ஒண்ணு எடுத்துப் பாரு தங்கச்சி. தப்பா இருந்தா அடிச்சிட்டு மறுபடி எழுது.”

வேறு என்ன செய்வது என்று தெரியாத எரிச்சலில் நீளக் கைப்பிடி அகப்பையை எடுத்தாள். குழாய் வாய்க்குப் பத்தடி தள்ளி நடுவில் முகந்து, கண்ணாடி மிதவையை விட்டுப் பார்த்தாள். முப்பத்தாறு சதம் ரப்பர். நம்ப முடியவில்லை. அதே இடத்தில் ஓரமாக எடுத்தாள். இருபத்தைந்து. இன்னும் பத்தடி தள்ளிப் போய் நடுவில் எடுத்தாள். முப்பத்தொன்று. கடைசியில், எதிர்ச் சுவர் ஓரம். நடுவில் இருபத்தேழு. ஓரத்தில் இருபத்தாறு.

ஐந்து எண்கள். ஐந்தும் செல்லாதவை. பழக்கம் கையை ஓட்டியது; குறிப்பேட்டில் ஐந்தையும் சேர்த்துக் குறுக்கே அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள்.

பேனா காகிதத்தைத் தொடவில்லை.

முப்பத்தாறு, முப்பத்தொன்று, இருபத்தேழு. நடுவில் பாயும் கெட்டிப் பால் போகப்போக இளகுகிறது. ஓரத்தில் இருக்கும் இளம் பாலை இழுத்துச் சேர்த்துக்கொண்டே போகிறது. சேர்த்த சுமையில் வேகம் குறைகிறது, அகலம் கூடுகிறது. முதலில் ஓரம் இளகும். நடு கொஞ்ச தூரம் தப்பித்து ஓடும். கடைசியில் எல்லாம் ஒன்றாகிவிடும். சுவரில் எதுவும் மோதவில்லை. யாரும் தடுக்கவில்லை. துடுப்பு மட்டும் சுற்றியிருந்தால் இது எதுவுமே தெரிந்திருக்காது. முப்பது என்று ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருப்பாள்.

“அண்ணே,” என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “நான் கலக்கிட்டேண்ணே.”

“எங்க கலக்கினே? கரண்டே இல்ல.”

“இங்க இல்ல. யூனிவர்சிட்டியில. தாரைய ஒவ்வொரு இடத்துலயும் குறுக்க வெட்டி வெளிச்சத்த அளந்தேன். ஒரு வெட்டுக்கு இருபத்தோரு எண்ணு. ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும். அத்தனையையும் கூட்டி ஒரே எண்ணாக்கிட்டேன். கலக்கி எடுத்துட்டேன்! நடு ஒன்பதுல ஓடுது, ஓரம் ஏற்கெனவே மெதுவாயிருச்சு. ரெண்டையும் கலந்தா ஆறுதான் வரும்!”

மிக்கேல்ராஜுக்குப் பாதி புரிந்தது. “அப்ப ரெண்டு வேகமும் நெசம்னு எழுதி அனுப்பு. ஏன் அழுவுற மாதிரி நிக்குற?”

“ஆதாரம் வேணும்ணே. கூட்டுறதுக்கு முந்தின எண்ணு வேணும்.”

“கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?”

இல்லை. யூனிவர்சிட்டி கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று மூலப் படத்தைப் போன வருடமே அழித்துவிட்டாள். அதன் நாடா இங்கிலாந்தில் இருந்தது. கேட்டால் அனுப்புவார்கள். வந்து சேரப் பத்து நாள். அழிப்பதற்கு முன் ஒரே ஒரு முறை எல்லா எண்களையும் அச்சிட்டு வைத்திருந்தாள், கருந்துளைக்கு அருகிலிருந்து தொடங்கி வெட்டுக்கு ஒரு பக்கமாக. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் மடிப்புக் கம்ப்யூட்டர் தாள், எண்பது பக்கம். அதை…

கலைமகள் நிமிர்ந்து மிக்கேல்ராஜைப் பார்த்தாள்.

“அண்ணே. போன டிசம்பர்ல, கூட்டி முடிச்சாச்சு இனி வேணாம்னு ஒரு கட்டு கம்ப்யூட்டர் பேப்பர் குடுத்தேனே. நீங்ககூட அதோட கிடந்த படத்தப் பாத்துட்டு, ‘எதிர்ப்பக்கம் என்ன தண்டவாளம் மாதிரி ரெண்டு கோடு’ன்னு கேட்டீங்க. நான் அது வெறும் இரைச்சல், தூசின்னு சொன்னேன். அந்தக் கட்டு எங்க?”

மிக்கேல்ராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“அது… மலையாயிடுச்சு தங்கச்சி.”

“என்னது?”

“கிறிஸ்மஸ் குடிலுக்கு உங்க அண்ணி மலை செஞ்சா. கசக்கி, பசை போட்டு, பெயிண்ட் அடிச்சு. கோயில் போட்டியில முதல் பரிசு.”

“தூக்கிப் போட்டாச்சா?”

“யாரு, பாட்ரீசியாவா? பரிசு வாங்கின மலைய அவ தூக்கிப் போடுவாளா? அலமாரி மேல பெட்டியில இருக்கு. என்னையே கிட்ட விட மாட்டா.”

கலைமகள் ரசீதில் ‘மின்சாரம் இல்லை, கலக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொன்னாள். வாடகைக் காருக்குப் போன் செய்ய அவள் எட்டு எண்களைச் சுழற்றுவதற்குள் மிக்கேல்ராஜ் டேங்கரைக் கிளப்பியிருந்தான்.

“ஏறுலா! நான் போற வழிதானே!”

செங்கில் மிக்கேல்ராஜின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு பத்து.

பாட்ரீசியா தூங்கிக்கொண்டிருந்தாள். செங் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையொன்றில் அவளுக்கு இந்த வாரம் இரவு வேலை. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே கதவைத் திறந்தவள், விஷயத்தைக் கேட்டதும் முழுசாக விழித்துக்கொண்டாள்.

“மலையப் பிரிக்கணுமா? என்னங்க இது, வெயில்ல லாரி ஓட்டி மண்டை காஞ்சிருச்சா?”

“அண்ணி, அதுக்குள்ள என்னோட…”

“மூணு வாரம் கலை! ஒவ்வொரு மடிப்பும் கையால. ஃபாதரே வந்து, இது பெத்லகேமா, பாட்ரீசியா வீடான்னு கேட்டாரு.”

கலைமகள் கெஞ்சவில்லை. அஞ்சு மணி என்றாள். அக்டோபர் என்றாள். ஏழு வருடமாக ஒரே தொட்டியைக் கலக்குகிறேன் அண்ணி என்றாள்.

பாட்ரீசியா அவளையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள்.

“இயேசு வருஷா வருஷம் பொறக்குறாரு. நான் வேற மலை செஞ்சுக்குறேன். ஆனா நான்தான் பிரிப்பேன். நீங்க ரெண்டு பேரும் கிழிச்சிருவீங்க.”

கூடத்துத் தரையில் மலை இறங்கியது. பழுப்பும் பச்சையுமாகச் சரிவுகள். ஒரு சரிவில் வரிசையாக மூன்று ஒட்டகங்கள் வரையப்பட்டிருந்தன. அடிவாரத்தில் கன்னங்கரேலென்று ஒரு குகை. பாட்ரீசியா ஈரத் துணியால் பசையை ஊற வைத்து, விரல் நுனியால் ஒவ்வொரு தாளாக விடுவித்தாள். உள்பக்கத்தில் எண்கள். புள்ளி புள்ளியாக அச்சடித்த எண்கள். கலைமகள் தாளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“இருபதாம் பக்கம்!” என்று கத்தினான் மிக்கேல்ராஜ். “இது அறுபது! ஒட்டகத்துக்குப் பின்னாடி இருந்துச்சு.”

“எனக்கு நாற்பத்தொண்ணு வேணும்ணே. ஆறாயிரம் ஒளியாண்டு அங்கதான்.”

முப்பத்தெட்டு வந்தது. நாற்பத்து நான்கு வந்தது. இரண்டரை மணிக்கு மலை முழுக்கத் தட்டையாகத் தரையில் கிடந்தது. நாற்பத்தொன்று இல்லை.

மிச்சமிருந்தது குகை மட்டும்.

“அது வேணாம்,” என்று பாட்ரீசியா மெதுவாகச் சொன்னாள். “குகைக்கு உள்ளயும் தெரியும் இல்லையா… ரெண்டு பக்கமும் கறுப்பு அடிச்சுட்டேன்.”

குகையின் பின்சுவர் ஒரே தாள். ஓரத்து ஓட்டைகளுக்குப் பக்கத்தில், சாயம் தப்பிய ஒரு மூலையில், பக்க எண் மட்டும் மிச்சமிருந்தது. 41. அதற்குக் கீழே அமாவாசை.

கலைமகள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாட்ரீசியா தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்புறம் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

“என்னங்க, அந்த மேசை விளக்கக் கொண்டாங்க. ஜன்னல மூடுங்க.”

“எதுக்கு?”

“கொண்டாங்கன்னா கொண்டாங்க!”

விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தாள். கறுப்புத் தாளின் மேல் ஒளி சறுக்கிக்கொண்டு போனது. பத்து வருடமாக அவளுடைய வேலையே அதுதான். பளபளக்கும் தகடுகளை விளக்கொளியில் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத கீறலைத் தேடுவது. ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு தகடு.

“உன் பிரிண்டர் ஊசியால குத்திக் குத்தித்தானே எழுதுது? சாயம் நிறத்தத்தான் மறைக்கும், குழிய மறைக்காது. எழுதிக்கோ கலை. முதல் வரி. இடப்பக்கம் ஏழு. வலப்பக்கம் மூணு.”

கலைமகள் பாய்ந்து வந்து பேனாவைப் பிடித்தாள்.

ஒவ்வொரு பக்கத்திலும் இருபத்தோரு வரி. இடப்பக்கம் நம்மை நோக்கி வரும் தாரை, வலப்பக்கம் விலகிப் போகும் தாரை. பதினோராம் வரிதான் நட்டநடு. பாட்ரீசியா தகடு பார்க்கும் அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். மிக்கேல்ராஜ் கால்குலேட்டரைத் தட்டினான்.

“கூட்டுங்கண்ணே. இடப்பக்கம் நானூத்தி முப்பது வரணும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கலக்கின எண்ணு ஆய்வேட்டுல இருக்கே! இடம் நானூத்தி முப்பது, வலம் அம்பத்தி நாலு.”

மிக்கேல்ராஜ் தட்டினான். “வலம் அம்பத்தி நாலு. கரெக்ட். இடம்… நானூத்தி இருபத்தஞ்சு.”

அஞ்சு குறைகிறது. மணி மூன்று முப்பத்தைந்து.

“எங்கயோ ஒரு எட்ட மூணுன்னு படிச்சிருக்கேன்,” என்று பாட்ரீசியா உடனே சொன்னாள். “ஒண்ணுக்கொண்ணு மாறித் தெரியுற எண்ணுல அது ஒண்ணுதான் சரியா அஞ்சு குறைக்கும். மூணு எங்கெங்க இருக்கு?”

“மூணாவது வரி. ஒன்பதாவது வரி, நாற்பத்தி மூணு. பதினேழாவது வரி.”

விளக்கு இப்போது மறுபக்கம் போனது. பாட்ரீசியா மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்த்தாள்.

“ஒன்பதாவது. இடது வளைவு தேஞ்சிருக்கு, ஆனா குழி இருக்கு. நாற்பத்தி எட்டு.”

“நானூத்தி முப்பது!” மிக்கேல்ராஜ் மேசையை அறைந்ததில் விளக்கு உருண்டது.

ஐந்து வருடமாகத் தன்னை ஏமாற்றிய எண் இப்போது தனக்குச் சாட்சி சொல்வதைக் கலைமகள் பார்த்தாள். ரசிக்க நேரமில்லை. நடுவிலிருந்த ஏழு வரிகளைத் தனியாகக் கூட்டினாள். வரும் தாரை முந்நூறு. போகும் தாரை பத்து. முப்பது மடங்கு. பத்தில் ஒன்பது பங்கு வேகம். முடிச்சு சொன்ன அதே வேகம்.

ஓரங்களைக் கூட்டினாள். நூற்று முப்பது. நாற்பத்து நான்கு. மூன்று மடங்குதான். பத்தில் மூன்று பங்கு வேகம்.

“அண்ணே, இங்க பாருங்க. வலப்பக்கம் நடுவுல பத்துதான், ஓரத்துல நாற்பத்தி நாலு. விலகிப் போற தாரையில வேகமா ஓடுற நடு மங்கிப்போகும். மெதுவா போற ரெண்டு ஓரம்தான் தெரியும். உங்க தண்டவாளம் இதுதான்.”

“நான் அப்பவே சொன்னேன்! தூசின்னியே!”

“தெரியாம சொல்லிட்டேண்ணே.”

இருபதாம் பக்கத்தில் ஓரம் மட்டும் கொஞ்சம் மெதுவாகியிருந்தது. அறுபதாம் பக்கத்தில் நடுவும்கூட ஆறு மடங்குக்கு இறங்கியிருந்தது. ஓரத்தில் ஆரம்பித்த மெதுமை நடுவுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. வழியில் கிடக்கும் வாயுவைத் தாரை சேர்த்துக்கொள்கிறது, சுமக்கிறது, வேகம் இழக்கிறது, அகலமாகிறது. அழிவதில்லை. லட்சம் ஒளியாண்டுக்குப் பரந்த ஒரு பெரிய மேகமாக மாறி நிற்கிறது.

கலைமகள் இரண்டு பக்கத்தில் எழுதி முடித்தாள். முதல் வரி: ‘இரண்டு வேகமும் உண்மை. பொய் சொன்னது என் கூட்டல்.’

நான்கு இருபதுக்கு செங் கடைத்தெருவில் புகைப்படநகல் கடை. கையால் எழுதிய பதில், இருபதாம் பக்கம், அறுபதாம் பக்கம், நாற்பத்தொன்றின் கையெழுத்துப் பிரதி. கடைக்காரச் சீனக் கிழவர் எண்ணை அழுத்தினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி. கிடைக்கவில்லை. மூன்றாவது முறை கிடைத்து, பதில் போய், அடுத்து வைத்த இருபதாம் பக்கம் பாதியில் சிக்கியது. ஓரத்தில் இன்னும் ஈரப் பசை.

“அம்மா, இது என்ன பேப்பர், கேக்கா?” என்று கிழவர் மலாயில் கேட்டார்.

“மலை!” என்றான் மிக்கேல்ராஜ்.

கிழவர் தாளை வெளியே இழுத்து, துடைத்து, முதலில் நகலெடுத்து, நகலை வைத்து அனுப்பினார். நான்கு நாற்பத்தேழுக்குக் கடைசித் தாள் உள்ளே போனது. இயந்திரம் கீச்சென்று ஒரு சீட்டைத் துப்பியது. போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் மோசம்.

ஐந்து ஆனது. ஐந்து பத்து. மிக்கேல்ராஜ் மூன்று பிளாஸ்டிக் பைகளில் ஐஸ் மைலோ வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை. ஐந்து பதினாறுக்கு மணி அடித்தது. இயந்திரம் முனகத் தொடங்கியது. தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. அறிமுகமில்லாத, சாய்ந்த கையெழுத்து.

கலைமகள் ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னாள். குரல் முதல் வரியிலேயே உடைந்தது.

“‘ஏற்றுக்கொள்கிறேன். நான்காம் அத்தியாயத்தை இந்தப் பதிலை வைத்துத் திருத்தி எழுதவும். மாத முடிவுக்குள் உங்கள் பேராசிரியரிடம் கொடுத்தால் போதும். எதிர்த் தாரையின் இரட்டைக் கோட்டை இரைச்சல் என்று நானும் ஒதுக்கியிருப்பேன். அக்டோபரில் வரும்போது அசல் தாள்களைக் கொண்டு வரவும்.’”

“அக்டோபர்!” பாட்ரீசியா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அக்டோபர்னு போட்டிருக்காரா? சரியாப் படி!”

“போட்டிருக்காரு அண்ணி. கீழ இன்னும் ஒரு வரி இருக்கு.” கலைமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். “‘அறுபதாம் பக்கத்தின் ஓரத்தில் நான்கு கால்கள் தெரிகின்றன. எந்தத் தொலைநோக்கியின் கோளாறு?’”

மூவரும் ஒரு கணம் விழித்தார்கள். சாயம் ஊறி மறுபக்கம் தெரிந்த ஒட்டகம்.

முதலில் சிரித்தது பாட்ரீசியாதான். சிரித்துச் சிரித்துக் கடையின் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். கிழவர் என்ன ஏது என்று புரியாமலே சேர்ந்து சிரித்தார்.

“அண்ணே, நாளைக்கு நான் வர்றதுக்குள்ள யாராச்சும் அந்தத் தொட்டியக் கலக்கிடப் போறாங்க,” என்றாள் கலைமகள் ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டே. “இன்னொரு தடவ அளக்கணும். ஒவ்வொரு அடிக்கும்.”

“ஆலைக்கு ஒரு எண்ணு, உனக்கு நாற்பது எண்ணா? நல்லா இருக்குலா! நாளைக்கும் கெட்டிப் பால்தான் கொண்டாறேன், எடுத்துக்க.”

பாட்ரீசியா மடித்த தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“கலை, டிசம்பருக்கு எனக்கு மலை வேணும். இங்கிலாந்துலேர்ந்து ஒரு கட்டு அனுப்பி வை. ஆனா ஒரு கண்டிஷன்.”

“என்ன அண்ணி?”

“இந்த வாட்டி படிச்சிட்டு அனுப்பு.”